லோரி ஏன் கிளம்பவில்லை?

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ளது கேரி தீவு. லங்காட் ஆறு இத்தீவை நிலப்பகுதியிலிருந்து பிரிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு ரப்பர்த் தோட்டம் அமைத்த எட்வர்ட் வேலண்டைன் கேரி என்பவரின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. மா மெரி பூர்வகுடியினர் வாழும் இத்தீவில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்து வந்துள்ளன. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

செம்பனைத் தோட்டத்தில் நேரம் மிக முக்கியமானது. குலையை வெட்டியதும் பழத்தில் ஒரு மாற்றம் தொடங்கிவிடுகிறது. அடிபட்ட பழத்திலுள்ள நொதி, எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் கூடக் கூட எண்ணெயின் தரம் குறையும். ஆகவே, வெட்டிய குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்து நீராவியில் வேகவைக்க வேண்டும் என்பது தோட்டங்களில் பின்பற்றப்படும் பொது விதி. வெட்டுபவர் விடியற்காலையிலேயே வேலைக்கு இறங்கினாலும், குலைகளை ஏற்றிச் செல்லும் லோரி நின்றுவிட்டால் அவருடைய உழைப்பும் சாலையோரத்திலேயே கிடக்கும்.

அப்படி ஒரு லோரி நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். முந்தின இரவு முழுவதும் மழை. காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். இயந்திரம் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் இயங்கத் தொடங்கவில்லை. அருகிலிருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "பேட்டரி போயிருக்கும்," என்கிறார் ஒருவர். "பம்ப்தான் கெட்டிருக்கும், புதுசு மாத்தணும்," என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வது சரி? ஊகத்தைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. சோதனைகளை ஒழுங்கான வரிசையில் செய்தால்தான் முடியும். அந்த வரிசையை இப்பாடத்தில் காண்போம்.

தீப்பொறி இல்லாமல் பிறக்கும் தீ

பழுதைக் கண்டறிய வேண்டுமானால், இயந்திரம் நல்ல நிலையில் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தில் மின்பொறி ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் மின்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற பொறியியலாளர் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடேறும் என்னும் இயற்கை விதியே அவருடைய கண்டுபிடிப்புக்கு அடிப்படை. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கும்.

லோரியின் இயந்திரத்தில் பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 16 முதல் 18 மடங்கு வரை அமுக்கப்படுகிறது. அப்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த நொடியில் இன்ஜெக்டர் டீசலை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சுகிறது. துளிகள் தாமாகவே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன.

தீ எரிய எரிபொருள், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் தேவை என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். டீசல் இயந்திரத்திற்கும் இதே மூன்றுதான் வேண்டும். எரிபொருள் சரியான நேரத்தில் வர வேண்டும். காற்று தடையின்றி நுழைய வேண்டும். வெப்பம் உண்டாகும் அளவுக்குக் காற்று இறுக்கமாகவும் வேகமாகவும் அமுக்கப்பட வேண்டும். சுழலும் இயந்திரம் இயங்கவில்லை என்றால் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பொருள். அது எது என்று கண்டுபிடிப்பதே மெக்கானிக்கின் வேலை.

முதல் சோதனை: கேள்வி கேட்பது

நல்ல மருத்துவர் நோயாளியைப் பார்த்தவுடன் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் விசாரிப்பார். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான். சாவியைத் தொடும் முன் ஓட்டுநரிடம் பேசுவார்.

"அண்ணே, நேத்து லோரி ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுச்சா, இல்ல நீங்களா நிறுத்துனீங்களா?"

"நான்தான் தம்பி நிறுத்துனேன். சாயங்காலம் நல்லாத்தான் ஓடுச்சு."

"கடைசியா எப்ப எண்ணெய் ஊத்துனீங்க?"

"மூணு நாளாச்சு. தேங்க்ல பாதிக்கு மேல இருக்கணும்."

"ராத்திரி எங்க நிறுத்தி வச்சீங்க? வேற யாராச்சும் கை வச்சாங்களா?"

"வெளியிலதான், மழையில நின்னுச்சு. யாரும் கை வைக்கல."

இந்தச் சிறு உரையாடலில் கிடைத்த செய்திகள் பல. மாலை வரை லோரி நன்றாக ஓடியிருக்கிறது. ஆகவே பிஸ்டன், வால்வு போன்ற உள்ளுறுப்புகள் ஒரே இரவில் தேய்ந்துபோயிருக்க வாய்ப்பில்லை. யாரும் எதையும் கழற்றி மாட்டவில்லை. ஆகவே குழாயைத் தவறாகப் பொருத்திய சிக்கலும் இல்லை. இரவு மழை பெய்திருக்கிறது. மழை காரணமா இல்லையா என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது.

இரண்டாம் சோதனை: காதால் கேட்பது

அடுத்ததாக, மெக்கானிக் சாவியைத் திருப்பச் சொல்லிக் கேட்கிறார். 'இயந்திரம் சுழலவில்லை' என்பதும் 'சுழல்கிறது, இயங்கவில்லை' என்பதும் வெவ்வேறு பழுதுகள். முதலாவது பெரும்பாலும் பேட்டரி, மின்கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைச் சார்ந்தது. இரண்டாவதற்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆனாலும் சுழலும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். டீசல் இயந்திரம் உயிர்பெற நிமிடத்திற்கு ஏறக்குறைய 150 முதல் 250 சுற்று தேவைப்படும். மெதுவாகச் சுழன்றால், அமுக்கப்பட்ட காற்றின் வெப்பம் சிலிண்டர் சுவர் வழியாக வெளியேறிவிடும், டீசல் பற்றாது. பெரும்பாலான லோரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன. முழுமையாக மின்னேறிய பேட்டரி ஒவ்வொன்றும் ஓய்வு நிலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். நம் லோரியின் இரண்டு பேட்டரிகளும் இந்த அளவைக் காட்டுகின்றன. இயந்திரமும் சீரான தாளத்தில் வேகமாகச் சுழல்கிறது. எனவே பேட்டரி மீதான சந்தேகம் நீங்கிவிட்டது. புதிய பேட்டரி வாங்கும் செலவும் மிச்சம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே நிற்கக் கூடாது. ஒரு முறைக்கு 10 முதல் 15 வினாடிக்கு மேல் சுழற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கருகும். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஓரிரு நிமிடம் ஓய்வு தர வேண்டும். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்புபவர், ஒரு பழுதோடு நின்ற லோரிக்கு இரண்டாவது பழுதையும் சேர்த்துவிடுவார்.

மூன்றாம் சோதனை: புகையைப் பார்ப்பது

ஒருவர் இயந்திரத்தைச் சுழற்றும்போது மற்றொருவர் புகைபோக்கியைக் கவனிக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும்.

வெள்ளை அல்லது சாம்பல் நிறப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது. ஆனால் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. அப்படியானால் வெப்பக் குறைவு, அமுக்கக் குறைவு, டீசல் பீய்ச்சும் நேரத்தில் பிசகு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

கரும்புகை வந்தால், டீசல் போகிறது. அதற்கேற்ற காற்று போகவில்லை. காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். வறண்ட நாட்களில் தோட்டத்துச் செம்மண் தூசி வடிகட்டியை அடைத்துவிடும். நெடுநாள் நின்ற லோரியின் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

புகையே வரவில்லை என்றால், டீசல் சிலிண்டரை எட்டவே இல்லை. நம் லோரியில் நிலைமை இதுதான். இயந்திரம் 10 வினாடி சுழன்றும் புகைபோக்கியிலிருந்து ஒரு கீற்றுக்கூட வரவில்லை. ஆகவே இப்போதைக்குக் காற்றையும் அமுக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு எரிபொருளின் பாதையைப் பின்தொடரலாம்.

நான்காம் சோதனை: எரிபொருளின் பாதை

டீசல் பயணம் செய்யும் பாதை இது: தேங்க், தண்ணீர் பிரிப்பான், ஊட்டு பம்ப், முதன்மை வடிகட்டி, உயரழுத்த பம்ப், இன்ஜெக்டர். இப்பாதையில் எங்கோ ஓரிடத்தில் தடை இருக்கிறது. ஆனால் பாதையை ஆராயத் தொடங்குவதற்கு முன் மிக எளிய இரண்டு காரணங்களை விலக்கிவிட வேண்டும்.

முதலாவது, தேங்க்கில் உண்மையிலேயே டீசல் இருக்கிறதா? அளவுமானியின் முள் பொய் சொல்லக்கூடும். சுத்தமான குச்சியை விட்டுப் பார்ப்பதே உறுதி. இரண்டாவது, நிறுத்தும் விசை. பழைய லோரிகளில் இயந்திரத்தை நிறுத்த ஒரு கைப்பிடியை வெளியே இழுப்பார்கள். அதை மீண்டும் உள்ளே தள்ள மறந்தாலோ, அதன் கம்பி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டாலோ டீசல் போகாது. வேறு சில லோரிகளில் மின்சாரத்தால் திறக்கும் அடைப்பான் இந்த வேலையைச் செய்கிறது. சாவியைத் திருப்பியதும் அதிலிருந்து 'டக்' என்று ஒரு சிறு ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் ஃபியூசையும் மின்கம்பியையும் பார்க்க வேண்டும். நம் லோரியில் தேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. நிறுத்தும் கைப்பிடியும் உள்ளே சரியாக இருக்கிறது.

இனிப் பாதையை ஆராய வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாகக் கழற்றினால் நாள் போய்விடும். அனுபவமுள்ள மெக்கானிக் பாதையின் நடுவில் சோதிப்பார். அதாவது, முதன்மை வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, ஊட்டு பம்பிலுள்ள கைப்பம்பை அழுத்துவார். அங்கே சுத்தமான டீசல் குமிழியின்றி வந்தால், தேங்க் முதல் வடிகட்டி வரை உள்ள முன்பாதி நல்ல நிலையில் உள்ளது, பழுது பின்பாதியில். வராவிட்டால் பழுது முன்பாதியில். ஒரே சோதனையில் தேடும் தூரம் பாதியாகக் குறைகிறது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுப்பக்கத்தைத் திறந்து, முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவு செய்கிறோமே, அதே முறைதான் இது.

நம் லோரியில் கைப்பம்பு கனமாக இருக்கிறது. டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஆகவே பழுது முன்பாதியில் உள்ளது. மெக்கானிக் தண்ணீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து, அதிலுள்ளதைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்கிறார். புட்டியைச் சிறிது நேரம் அசையாமல் வைத்ததும் இரண்டு அடுக்குகள் தெரிகின்றன. மேலே மஞ்சள் நிற டீசல். கீழே நிறமற்ற தண்ணீர். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 0.84 கிலோ, தண்ணீரின் எடை 1 கிலோ. அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறக் கசடு மிதக்கிறது. அந்தக் கசடுதான் வடிகட்டியை அடைத்திருக்கிறது.

பிரிப்பானைச் சுத்தம் செய்து, வடிகட்டியை மாற்றி, கைப்பம்பை அழுத்திக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறார்கள். குமிழிகள் நின்று டீசல் தெளிவாக வந்ததும் திருகை இறுக்குகிறார்கள். சாவியைத் திருப்பியதும் முதலில் சிறிது வெண்புகை. பிறகு இயந்திரம் இயங்கத் தொடங்குகிறது.

பழுதின் வேர்

லோரி ஓடிவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. தேங்க்கில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கண்டறியாவிட்டால் சில நாட்களில் லோரி மீண்டும் நிற்கும்.

தண்ணீர் மூன்று வழிகளில் வரலாம். முதலாவது, மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மழைநீர் கசிந்து இறங்கும். இரண்டாவது, பாதி காலியான தேங்க்கில் உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, தேங்க்கின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படியும். கடலும் ஆறும் சூழ்ந்த கேரி தீவில் காற்றில் ஈரப்பதத்திற்குக் குறைவில்லை. மூன்றாவது, டீசலைச் சேமித்து வைக்கும் கலத்திலேயே தண்ணீர் சேர்ந்திருக்கலாம்.

இங்கு நாம் அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. மலேசியாவில் போக்குவரத்துத் துறைக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கும் திட்டம் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதாவது, லோரி சுமக்கும் பழத்தின் எண்ணெய், உருமாறி அந்த லோரியின் தேங்க்குக்கே திரும்பி வருகிறது. தாவர எண்ணெயில் டீசல் இயந்திரம் ஓடுவது புதிய செய்தியன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பயோடீசல் நல்ல எரிபொருள்தான். ஆயினும் அது சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கசடாகும். ஆகவே தேங்க்கைத் தண்ணீரின்றிப் பராமரிப்பது முன்னைவிட இப்போது முக்கியமாகிறது.

நம் லோரியின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. மழைநீர் வந்த வழி புலப்பட்டுவிட்டது. ஓட்டுநரின் பதிலில் கிடைத்த 'மழை' என்ற சொல் இப்போது தன் இடத்தில் பொருந்துகிறது. தேங்க்கின் அடியிலுள்ள தண்ணீரை வடித்து, சில ரிங்கிட் பெறுமான வளையத்தை மாற்றியதும் வேலை முழுமை பெறுகிறது. "பம்பை மாத்தணும்" என்ற ஊகத்தைக் கேட்டிருந்தால் பெருந்தொகை செலவாகியிருக்கும். தண்ணீரோ தேங்க்கிலேயே இருந்திருக்கும். புதிய பம்பும் அதனால் கெட்டிருக்கும்.

பாதை வேறாகப் பிரிந்தால்

எல்லா லோரிகளுக்கும் இதே பழுது வருவதில்லை. நடுச்சோதனையில் டீசல் வந்து, அதில் காற்றுக் குமிழிகள் ஓயாமல் இருந்தால், தேங்க்குக்கும் ஊட்டு பம்புக்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. இப்பகுதியில் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அதனால் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே நுழையும். டீசல் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கசிவு என்பதால் இதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

புதிய லோரிகளில் 'காமன் ரயில்' என்னும் அமைப்பு உள்ளது. அதில் எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதைக் கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. இயந்திரத்தின் சுழற்சியை அறியும் உணரி பழுதானால், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. அது டீசலைப் பீய்ச்சாது. பொதுக்குழாயில் போதிய அழுத்தம் சேராவிட்டாலும் பீய்ச்சாது. இதற்குச் சோதனைக் கருவியை இணைத்துப் பழுதுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். எனினும் குறியீடு ஒரு துப்பு மட்டுமே. உணரியின் பெயரைக் கருவி காட்டினால், உணரி கெட்டிருக்கலாம். அதற்குச் செல்லும் கம்பியை எலி கடித்திருக்கவும் கூடும். உறுப்பை மாற்றும் முன் கம்பியையும் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

எரிபொருளும் காற்றும் சரியாக இருந்தும் இயந்திரம் இயங்காவிட்டால் கடைசியாக அமுக்கத்தை அளக்க வேண்டும். தேய்ந்த பிஸ்டன் வளையம், சரியாக மூடாத வால்வு ஆகியவை அமுக்கத்தைக் குறைக்கும். அப்போது சுழலும் ஓசையின் தாளம் சீராக இருக்காது. இந்தச் சோதனைக்கு நேரமும் கருவியும் தேவை. அதனால்தான் அது வரிசையின் இறுதியில் வருகிறது. எளியதும் செலவு குறைந்ததும் முதலில், கடினமானதும் செலவு மிகுந்ததும் கடைசியில் என்பதே இவ்வரிசையின் அடிப்படை.

உயிரைக் காக்கும் விதிகள்

பழுதுபார்க்கும் ஆர்வத்தில் பாதுகாப்பை மறக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன் கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்குக் கட்டை வைக்க வேண்டும். டீசல் திறந்திருக்கும் இடத்தில் புகைபிடிக்கக் கூடாது.

காமன் ரயில் இயந்திரத்தில் டீசலின் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டக்கூடும். இயந்திரம் சுழலும்போது உயரழுத்தக் குழாயின் இணைப்பை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயம் விரலையே இழக்கச் செய்யலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அழுத்தம் மிகுந்த பகுதிகளில் பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும்.

இயங்காத இயந்திரத்தின் காற்றுக் குழாயில் பெட்ரோலை ஊற்றி முயல்வதும் ஆபத்து. அது கட்டுப்பாடின்றி வெடித்து, ஆளையும் இயந்திரத்தையும் சேதப்படுத்தும்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தின் சாவியைத் திருப்பவே கூடாது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வாகனத்தின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றை அமுக்க முடியும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலேறித் தண்ணீரில் மோதினால், அதைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். முதலில் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இயந்திரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

கையும் அறிவும்

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆவது அதிகாரம். நோய் இன்னதென ஆராய்ந்து, அது தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் அறிந்து செயல்பட வேண்டும் என்று வள்ளுவர் அங்கு மருத்துவருக்கு வழிகாட்டுகிறார். நம் லோரியின் கதையில் இந்த மூன்று படிகளும் உள்ளன. டீசல் வரவில்லை என்பது நோய். வெடித்த ரப்பர் வளையம் அதன் காரணம். தண்ணீரை வடித்து, வடிகட்டியையும் வளையத்தையும் மாற்றியது தணிக்கும் வழி. இடையிலுள்ள படியைத் தாண்டிக் குதிப்பவர் பணத்தையும் நேரத்தையும் இழப்பார்.

வாகனப் பழுதுபார்ப்பு, படிப்பில் பின்தங்கியவர்களின் தொழில் என்று சிலர் எண்ணுகின்றனர். வெப்பம், அழுத்தம், அடர்த்தி, மின்னோட்டம் என அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் பலவும் இந்த ஒரு சோதனையில் வந்துவிட்டன. அத்துடன், பிறரைப் பேசவைத்துக் கேட்கும் திறமும், ஊகத்தையும் உண்மையையும் பிரித்துப் பார்க்கும் தெளிவும் இதற்கு வேண்டும். இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் தொழிற்கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். அதற்கு மேல் டிப்ளோமா நிலைக்கும் உயரலாம்.

லோரி நகர்ந்தால் குலை ஆலைக்குப் போகும். வெட்டியவரின் உழைப்பு வீணாகாது. அந்த லோரியை நகர்த்துபவரின் மூலதனம், 'ஏன்?' என்று கேட்டு, விடை கிடைத்த பின்னும் மீண்டும் ஒரு முறை 'ஏன்?' என்று கேட்கும் பழக்கம்.

சிந்தித்து விடையளித்திடுக

1. வெட்டிய செம்பனைக் குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டியதன் காரணம் என்ன?

2. இயந்திரத்தைச் சுழற்றும்போது புகையே வரவில்லை என்பதிலிருந்து மெக்கானிக் எந்த முடிவுக்கு வந்தார்? அம்முடிவு அவருடைய வேலையை எவ்வாறு எளிதாக்கியது?

3. ஓட்டுநரிடம் கேட்ட கேள்விகளால் எந்தெந்தக் காரணங்கள் விலக்கப்பட்டன?

4. வடிகட்டியை மட்டும் மாற்றிவிட்டு லோரியை அனுப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? விளக்குக.

5. உங்கள் வீட்டில் மின்விசிறி சுழலவில்லை. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசையில் காரணத்தைக் கண்டறியும் படிகளை எழுதுக. எந்தப் படிக்குமேல் மின்பணியாளரை அழைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுக.